முதல் அல்ட்ராலைட் வாங்குபவருக்கு: அமெரிக்காவின் 103-ஆம் பகுதி விதிகளுக்குள் சொந்த விமானம்

அமெரிக்காவில் சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்ட உரிமமும் பதிவெண்ணும் வேண்டும். ஆனால் ஒற்றை இருக்கை கொண்ட அல்ட்ராலைட் விமானத்தைச் சொந்தமாக வாங்கிப் பறப்பதற்கு விமானி உரிமம், மருத்துவச் சான்றிதழ், பதிவெண், பறக்கும் தகுதிச் சான்றிதழ் ஆகிய எதுவும் சட்டப்படி தேவையில்லை. வயது வரம்புகூட இல்லை. மோட்டார் பூட்டிய தொங்கு கிளைடர் ஒன்றை ஜான் மூடி என்பவர் 1976-இல் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் பறக்கவிட்டுக் காட்டிய பிறகு இத்தகைய ஊர்திகள் வேகமாகப் பெருகின. அவற்றை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு, எஃப்.ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1982-இல் கொண்டுவந்த 103-ஆம் பகுதி விதிகளே விடையாக அமைந்தன. பறப்பவர் தம்மைத் தவிர வேறு யாருக்கும் பெரிய ஆபத்தை உண்டாக்காத வரையில் அரசு அவருக்குக் குறுக்கே நிற்பதில்லை என்பதே அவ்விதிகளின் சாரம்.

இதன் மறுபக்கத்தைப் புதியவர்கள் பலர் கவனிப்பதில்லை. மற்ற விமானங்களுக்கு அரசும் தேர்வாளரும் சான்று பெற்ற மெக்கானிக்கும் சேர்ந்து செய்யும் வேலை முழுவதையும் இங்கே உரிமையாளரே செய்ய வேண்டும். எனவே எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்னும் வரிசை இதில் மிக முக்கியமானது. விளம்பரத்தில் கண்ட விமானத்தை முதலில் வாங்கிவிட்டு, பயிற்சியையும் பறக்கும் இடத்தையும் பிறகு தேடுவதே பெரும்பாலோர் பின்பற்றும் வரிசை. அதைத் தலைகீழாக மாற்றிக்கொள்வது நல்லது. இந்தியாவில் இப்படிப்பட்ட விலக்கு கிடையாது. அங்கே மைக்ரோலைட் விமானத்தையும் பதிவு செய்ய வேண்டும், ஓட்டுபவருக்கும் உரிமம் வேண்டும். ஆகவே கீழே சொல்லப்படுபவை அமெரிக்காவில் வாழ்பவர்களுக்கே பொருந்தும்.

முதல் படி: விதியைப் படியுங்கள்

103-ஆம் பகுதி சில பக்கங்களே கொண்டது. ஓர் இரவில் படித்துவிடலாம். இஞ்சின் உள்ள அல்ட்ராலைட் என்பதற்கு அது வகுக்கும் வரையறை இதுதான்: ஒருவர் மட்டுமே அமர வேண்டும், பொழுதுபோக்குக்கோ விளையாட்டுக்கோ மட்டுமே பயன்படுத்த வேண்டும், வெற்று எடை 254 பவுண்டுக்குக் குறைவாக, அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும், எரிபொருள் கொள்ளளவு 5 அமெரிக்க கேலனைத் தாண்டக்கூடாது, முழு விசையில் சமதளமாகப் பறக்கும்போது வேகம் 55 நாட்டுக்கு மேல் போகக்கூடாது, இஞ்சினை அணைத்த நிலையில் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழக்கும் வேகம், 24 நாட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். அவசரகாலப் பாராசூட்டுக்கும் மிதவைகளுக்கும் எடையில் விலக்கு உண்டு. பாராசூட்டுக்கு எஃப்.ஏ.ஏ.வின் 103-7 என்னும் ஆலோசனைச் சுற்றறிக்கை 24 பவுண்டு வரை கழித்துக்கொள்ள இடம் தருகிறது.

பறக்கும் முறைக்கும் வரம்புகள் உண்டு. சூரிய உதயம் முதல் மறைவு வரையே பறக்கலாம். எச்சரிக்கை விளக்கு பொருத்தியிருந்தால் கட்டுப்பாடற்ற வான்வெளியில் இருபுறமும் அரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். நகரம், ஊர், குடியிருப்பு ஆகியவற்றின் நெரிசலான பகுதிகளுக்கு மேலேயும் திறந்தவெளியில் கூடியிருக்கும் மக்களுக்கு மேலேயும் பறக்கக்கூடாது. மற்ற எல்லா விமானங்களுக்கும் வழிவிட வேண்டியவர் நீங்களே. கூலிக்கு வயலில் மருந்து தெளிப்பதும், காசு வாங்கிக்கொண்டு படம் எடுத்துத் தருவதும் பொழுதுபோக்கு ஆகாது.

இந்த வரையறையை ஒரு பவுண்டு மீறினாலும் உங்களிடம் இருப்பது அல்ட்ராலைட் அன்று. பதிவு செய்யப்படாத விமானம். அதை ஓட்ட விமானி உரிமம் தேவைப்படும், விமானத்துக்கும் பதிவும் தகுதிச் சான்றும் தேவைப்படும். எடை கூடிய பழைய அல்ட்ராலைட்டுகளைச் சோதனை வகையில் பதிந்துகொள்ள அளிக்கப்பட்ட சலுகைக் காலம் 2008 ஜனவரி 31-உடன் முடிந்துவிட்டது. எனவே இன்று அத்தகைய விமானத்தை வாங்குபவர் பறக்கவும் முடியாமல் பதியவும் முடியாமல் தவிக்க நேரிடலாம். விற்பவர் சிரித்துக்கொண்டே "கொஞ்சம் கூடுதல்தான், யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை" என்று சொன்னால் நன்றி கூறிவிட்டு வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பயிற்சி

சட்டம் கேட்கவில்லை என்பதற்காகப் பயிற்சி இல்லாமல் ஏறுவது அறிவீனம். இதில் விவாதத்துக்கே இடமில்லை. ஒற்றை இருக்கை விமானத்தில் ஆசிரியர் உங்களோடு அமர முடியாது. முதன்முறை தரையை விட்டு எழும்போதே நீங்கள் தனி விமானி. ஆகவே தேவையான திறமை முழுவதையும் அதற்கு முன்பே வேறொரு விமானத்தில் பெற்றிருக்க வேண்டும்.

முற்காலத்தில் இரண்டு இருக்கை அல்ட்ராலைட்டில் கற்றுத்தர எஃப்.ஏ.ஏ. தனி விலக்கு அளித்திருந்தது. அதுவும் 2008-இல் முடிவுக்கு வந்ததால், இப்போது உரிமம் பெற்ற பயிற்றுநரிடம், பதிவு செய்யப்பட்ட இரட்டை இருக்கை இலகு விமானத்தில்தான் கற்க வேண்டும். நீங்கள் வாங்க நினைக்கும் வகையிலேயே பயிற்சி பெறுங்கள். இறக்கையும் வாலும் கொண்ட மூன்று அச்சு விமானம், உடலெடையை நகர்த்தித் திருப்பும் டிரைக், மோட்டார் பாராசூட் ஆகியவை வெவ்வேறு கைப்பழக்கத்தைக் கேட்பவை. டிரைக்கில் கம்பியை முன்னே தள்ளினால் மூக்கு எழும். மூன்று அச்சு விமானத்தில் கட்டுப்பாட்டுக் குச்சியை முன்னே தள்ளினால் மூக்கு தாழும். ஒன்றில் ஊறிய கை இன்னொன்றில் நெருக்கடியின்போது நேரெதிராகச் செயல்படும்.

செஸ்னா போன்ற விமானங்களில் ஏற்கெனவே உரிமம் பெற்றவர்களுக்கும் இது பொருந்தும்; சொல்லப்போனால் அவர்களுக்கே கூடுதலாகப் பொருந்தும். கனமான விமானத்தில் இஞ்சின் நின்றால் சேர்த்துவைத்த வேகம் சிறிது நேரம் தாங்கும். அல்ட்ராலைட்டுக்கு எடை குறைவு, காற்றைக் கிழிக்கும் கம்பிகளும் குழாய்களும் அதிகம். செங்குத்தாக ஏறிக்கொண்டிருக்கும்போது இஞ்சின் நின்றால் ஓரிரு நொடிகளில் வேகம் கரைந்து ஸ்டால் நிலை வந்துவிடும். எனவே யோசிக்காமல் உடனே மூக்கைத் தாழ்த்துவது கைக்குப் பழகியிருக்க வேண்டும். இஞ்சின் மேலே பொருத்தப்பட்ட வடிவங்களில் விசையைக் கூட்டினால் மூக்கு தாழ்வதும், குறைத்தால் எழுவதும் உண்டு. செஸ்னாவில் கற்றதற்கு இது முரணானது. உங்கள் பயிற்றுநர் இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டவில்லை என்றால் நீங்களே கேட்டுச் செய்யுங்கள்.

மூன்றாம் படி: பறக்கும் இடமும் நிறுத்தும் இடமும்

விமானத்துக்கு விலை பேசுவதற்கு முன் எங்கிருந்து பறப்பீர்கள் என்று தீர்மானியுங்கள். வான்வெளி எப்படிப் பிரிக்கப்பட்டுள்ளது என்று விமானிகளுக்குக் காட்டும் எஃப்.ஏ.ஏ.வின் செக்ஷனல் வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 56 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அதில் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வான்வெளி வகுப்புகளைக் கோடுகள் காட்டும்: அடர்நீலக் கோடு பி வகுப்பு, அடர் மெஜந்தா கோடு சி வகுப்பு, விட்டுவிட்டு வரையப்பட்ட நீலக் கோடு டி வகுப்பு, விட்டுவிட்டு வரையப்பட்ட மெஜந்தா கோடு தரைவரை இறங்கும் இ வகுப்பு. இவற்றுக்குள் முன்அனுமதியின்றி அல்ட்ராலைட் நுழையக்கூடாது. இவை தொடாத, கட்டுப்பாடற்ற ஜி வகுப்பு வான்வெளியே உங்களுக்கு வசதியானது. அங்கே தரையிலிருந்து 1,200 அடிக்குக் கீழே ஒரு மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்து, மேகத்துக்கு வெளியே இருந்தால் போதும். நியூ ஜெர்சி, பே ஏரியா போன்ற பகுதிகளில் வாழும் நம்மவர்கள் வரைபடத்தைப் பார்த்த உடனே புரிந்துகொள்வார்கள்: நெருக்கமான விமான நிலையங்களும் நெருக்கமான வீடுகளும் இருக்கும் இடத்தில் பறப்பதற்கு இடுக்கு மட்டுமே மிஞ்சும், வார இறுதியில் நெடுந்தூரம் கார் ஓட்டிப் போக வேண்டியிருக்கும்.

தனியார் புல்தரை ஓடுபாதைகளின் உரிமையாளர்கள் பலர் அல்ட்ராலைட்டுகளை வரவேற்பார்கள். சிலர் அடியோடு மறுப்பார்கள். நேரில் போய்க் கேட்பதே வழி. ஹேங்கர் எனப்படும் விமானக் கொட்டகைக்குள் இடம் கிடைத்தால் வாடகை சற்றுக் கூடுதல் என்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் துணி போர்த்திய இறக்கைக்கு வெயிலைப் போன்ற எதிரி வேறில்லை. மடித்து டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று விளம்பரங்கள் ஆசை காட்டும். அது முடியாததன்று, ஆனால் ஒவ்வொரு முறை பூட்டும்போதும் ஒரு முள்ளாணியை மறக்கும் வாய்ப்பு கூடவே வருகிறது. விசித்திரம் என்னவென்றால், விமானத்துக்குப் பதிவெண் வேண்டாம், அதை ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்குப் பல மாநிலங்களில் வேண்டும்.

நான்காம் படி: விமானத்தைத் தேர்ந்தெடுத்தல்

பணத்தைப் பொறுத்து இரண்டு வழிகள் உள்ளன. ஏரோலைட் 103, பேட்லேண்ட் போன்றவை புதிதாகவே 103-ஆம் பகுதிக்குள் அடங்கும்படி விற்கப்படுகின்றன. இவற்றுக்குப் பல்லாயிரம் டாலர் செலவாகும், காத்திருக்கவும் வேண்டும். பழைய சந்தையிலோ குவிக்சில்வர் எம்.எக்ஸ்., கோல்ப் ஃபயர்ஃபிளை, சி.ஜி.எஸ். ஹாக் முதலியவை அந்த விலையில் ஒரு சிறு பகுதிக்கே கிடைக்கும். முதல்முறை வாங்குபவருக்கு, ஏராளமாகத் தயாரிக்கப்பட்டு, பாகமும் பழக்கமுள்ளவர்களும் எளிதில் கிடைக்கும் வடிவமே ஏற்றது. யாரோ ஒருவர் தம் கொட்டகையில் தனியாக வடிவமைத்துக் கட்டிய ஒரே பிரதி எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மூன்றாவது விமானமாக வாங்கிக்கொள்ளலாம்.

பழையவற்றில் கட்டுப்பாட்டு முறை மாறுபடுவதைக் கவனியுங்கள். தொடக்கக்கால குவிக்சில்வர் சிலவற்றில் உடலெடையை நகர்த்தித் திருப்ப வேண்டும், எம்.எக்ஸ். வகையில் குச்சி வாலின் சுக்கானை இயக்கும், மிதிகள் இறக்கையின் மேலுள்ள தடுப்புப் பலகைகளை இயக்கும். நீங்கள் கற்ற முறை எதுவோ அதற்கேற்ற விமானத்தையே பாருங்கள். உங்கள் உடல் எடை, உடை, தலைக்கவசம், எரிபொருள் அனைத்தும் சேர்ந்து உற்பத்தியாளர் குறித்த சுமைக்குள் அடங்குகிறதா என்றும் கணக்கிடுங்கள். நிறைந்த தொட்டி மட்டும் 30 பவுண்டு.

ஐந்தாம் படி: பரிசோதனை

இதற்கு அரை நாளாவது ஒதுக்குங்கள். இந்த வகை விமானத்தைச் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். எஃப்.ஏ.ஏ. கேட்டால் விமானம் 103-ஆம் பகுதிக்குள் அடங்கியது என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆகவே எரிபொருளை வடித்துவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் எடைக்கருவி வைத்து, விமானத்தைச் சமநிலையில் நிறுத்தி எடையைக் கூட்டிப் பாருங்கள். மூன்று எண்களும் தெரியும்படி படம் எடுத்துவைப்பது பின்னால் உதவும். மின்சார ஸ்டார்ட்டர், பிரேக், முன்புறக் கூடு, பெரிய இஞ்சின் என்று முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொன்றாகச் சேர்த்தவைதான் வழக்கமாக வரம்பை மீறவைக்கின்றன. வேக வரம்புகளை மதிப்பிடும் கணக்குமுறையும் 103-7 சுற்றறிக்கையில் தரப்பட்டுள்ளது.

துணியிலிருந்து தொடங்குங்கள். குவிக்சில்வர் போன்றவற்றின் டாக்ரான் உறை புற ஊதாக் கதிரால் மெல்ல மெல்ல வலுவிழக்கும். நிறம் வெளிறியிருப்பது முதல் அறிகுறி. ஆனால் நிறம் நன்றாக இருப்பதால் வலு இருக்கிறது என்று பொருளில்லை. மேற்பரப்பில், வெயில் அதிகம் படும் பகுதியில் உள்ள தையலை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள்; நூல் அறுந்தால் உறையை மாற்ற வேண்டும். புதிய உறையின் விலை சில சமயம் பழைய விமானத்தின் விலையில் பெரும்பகுதியாக இருக்கும் என்பதால், பேரம் பேசுவதற்கு முன்பே உற்பத்தியாளரிடமோ பாக வியாபாரியிடமோ அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்து அலுமினியக் குழாய்கள். ஒவ்வொரு குழாயின் நீளவாக்கிலும் கண்ணை வைத்துப் பார்த்தால் வளைவு தெரியும். வளைந்ததை நிமிர்த்திப் பூட்டியிருந்தால் அது வளைந்ததைவிட மோசமானது, ஏனெனில் பழுது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. போல்ட் துளைகள் நீள்வட்டமாகியிருக்கின்றனவா, துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் உண்டா, இஞ்சின் தாங்கியையும் சக்கர அச்சையும் சுற்றிப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று கைவிளக்கு வைத்துப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு குழாய் மகிழ்ச்சிக்கு உரியதன்று. ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள். போல்ட்டுகளின் தலையில் விமானத் தரக் குறி இருக்க வேண்டும். வன்பொருள் கடையில் வாங்கிய போல்ட் ஒன்றைக் கண்டால் மற்ற வேலைகளும் அதே மனநிலையில் நடந்திருக்கும் என்று கொள்ளலாம்.

இறக்கையைத் தாங்கும் எஃகுக் கேபிள்களைப் பழைய துணியால் நீளவாக்கில் துடையுங்கள். இழை அறுந்திருந்தால் துணி மாட்டிக்கொள்ளும். கேபிளின் முனையில் அதை வளையமாக இறுக்கும் உலோகக் குழல் நழுவியிருக்கிறதா, உள்ளே இருக்கும் வளையம் நசுங்கியிருக்கிறதா என்பவை முக்கியம். இறக்கைக் கேபிள் ஒன்று போனால் காற்றில் சரிசெய்ய வழியில்லை. ஆகவே வாங்கிய உடனே எல்லாக் கேபிள்களையும் புதிதாக மாற்றிவிடுவதே என் பரிந்துரை, செலவும் பெரிதன்று.

பாராசூட் இருந்தால் அதன் தேதிகளைப் பாருங்கள். ராக்கெட்டால் வெளியே எறியப்படும் வகையில், பாராசூட்டை மறுபடி மடித்து வைக்கவும் ராக்கெட்டை மாற்றவும் தனித்தனிக் காலக்கெடு உண்டு. காலாவதியான ராக்கெட் உயிர்காப்புக் கருவியன்று, வெடிபொருள் மட்டுமே. பார்வையிடும்போதும் தரையில் நிற்கும்போதும் பாதுகாப்பு முள் செருகப்பட்டிருப்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்.

ஆறாம் படி: இரண்டு வீச்சு இஞ்சினைப் புரிந்துகொள்ளுதல்

பழைய அல்ட்ராலைட்டுகளில் பெரும்பாலும் ரோடாக்ஸ் 277, 377, 447, 503 அல்லது கவாசாகி இஞ்சின்கள் இருக்கும். இவை டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இரண்டு வீச்சு இஞ்சின்கள். விமானச் சான்று பெற்றவை அல்ல. இந்த வகை இஞ்சின் எப்போது வேண்டுமானாலும் திடீரென நிற்கக்கூடும் என்று ரோடாக்ஸ் தன் கையேட்டிலேயே எச்சரிக்கிறது. அதை வக்கீல்கள் எழுதவைத்த வரி என்று ஒதுக்காமல், எந்த உயரத்திலும் எந்த நிமிடத்திலும் இறங்குவதற்கு ஒரு வயல் கண்ணெதிரே இருக்கும்படி பறக்க வேண்டும் என்ற கட்டளையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்றுபோகும் இஞ்சின்களில் பல காரணமின்றி நிற்பவை அல்ல. எண்ணெய் பெட்ரோலோடு கலந்தே உள்ளே போவதால், ஒரு பங்கு எண்ணெய்க்கு 50 பங்கு பெட்ரோல் என்ற அளவு தவறினால் பிஸ்டன் இறுகிவிடும். குளிர்ந்த இஞ்சினை உடனே முழு விசைக்குக் கொண்டுபோனால், பிஸ்டன் வேகமாகச் சூடேறி விரியும், உருளை இன்னும் விரிந்திராது, அப்போதும் இறுகும். கலவையில் பெட்ரோல் குறைந்தால் வெளியேறும் வாயுவின் வெப்பம் ஏறி பிஸ்டன் உருகும். எனவே உருளைத் தலை வெப்பத்தையும் வெளியேறும் வாயு வெப்பத்தையும் காட்டும் மானிகள் இல்லாத விமானத்தை வாங்கினால் அவற்றை முதல் வேலையாகப் பொருத்துங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுப்பதோடு ரப்பர் பாகங்களையும் கெடுக்கும் என்பதால், கிடைக்கும் இடத்தில் எத்தனால் இல்லாததையே வாங்குங்கள்.

447, 503 ஆகியவற்றின் உற்பத்தி நின்றுவிட்டது. பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. இவற்றை 300 மணி நேரத்தில் முழுமையாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். எத்தனை மணி ஓடியது என்பதற்குக் குறிப்பேடு இல்லாமல் "குறைவாகத்தான் ஓடியது" என்ற வாய்மொழி மட்டுமே இருந்தால், புதுப்பிக்க வேண்டிய இஞ்சின் என்று வைத்தே விலை பேசுங்கள். பத்தாண்டு கொட்டகையில் கிடந்த இஞ்சின் அதிகம் ஓடிய இஞ்சினைவிட மோசமாகவும் இருக்கலாம், ஏனெனில் உள்ளே துரு ஏறிய தாங்கிகள் வெளியிலிருந்து தெரிவதில்லை.

ஏழாம் படி: தாள்களும் பணமும்

விமானத்துக்குப் பதிவு இல்லாததால் அதன் உரிமையை நிறுவும் அரசுப் பத்திரமும் இல்லை. விற்பனை ரசீதில் சட்டக எண், இஞ்சின் எண், தேதி, இருவர் கையெழுத்து ஆகியவை இருக்கட்டும். உற்பத்தியாளர் கையேடு, எடைக் குறிப்பு, பராமரிப்புப் பேரேடு ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் விமானங்களால் நேரும் இழப்பை விலக்கிவைக்கின்றன. உங்கள் ஆயுள் காப்பீட்டிலும் இத்தகைய விலக்கு உண்டா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விமானத்தின் விலைக்கு மேல், முதலாண்டில் கேபிள், எரிபொருள் குழாய், டயர், மானி, தலைக்கவசம், பயிற்சிக் கட்டணம் என்று ஒரு தொகையைத் தனியே ஒதுக்காதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க நேரிடும்.

எட்டாம் படி: முதல் பறத்தல்கள்

காற்று அடங்கிய அதிகாலையைத் தேர்ந்தெடுங்கள். வெயில் ஏறி, தரை சூடாகி, காற்று குமுறத் தொடங்கும் நண்பகல் புதியவருக்கு உரியதன்று. பக்கக் காற்றில் தரையிறங்கும் ஆற்றல் இந்த விமானங்கள் பலவற்றுக்குக் குறைவு. முதலில் தரையிலேயே ஓட்டி, சுக்கானும் பிரேக்கும் விசையும் எப்படிக் கேட்கின்றன என்று பழகுங்கள்.

ஓடுபாதையின் மேலேயே சில அடி எழுந்து உடனே இறங்கும் குட்டித் தாவல்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று சொல்லித்தராமல் அதைச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. பாதை தீர்ந்துகொண்டிருக்கும்போது, தாழ்ந்த உயரத்தில், மெதுவான வேகத்தில் விசையைக் குறைப்பது அனுபவம் உள்ளவருக்கே சிக்கலான செயல். நன்கு பயிற்சி பெற்றவர், நீண்ட பாதையிலிருந்து முறையாக எழுந்து, போதிய உயரத்தில் விமானத்தின் மெதுவான வேக நடத்தையை அறிந்துகொண்டு, அதன் பிறகு இறங்குவதே மேல். இறங்கும்போது தரையை நெருங்கும்வரை வேகத்தை விட்டுவிடாதீர்கள். மூக்கை நிமிர்த்திய பிறகு இது மிதந்துகொண்டு போகாது, உட்கார்ந்துவிடும். புறப்படும்போது இஞ்சின் நின்றால் நேர் எதிரே இறங்குங்கள், ஓடுபாதைக்குத் திரும்ப முயலாதீர்கள். ஐந்து கேலன் எரிபொருள் என்பது 447 போன்ற இஞ்சினுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் என்பதால், தொடக்கத்தில் ஓடுபாதையின் கண்பார்வைக்குள்ளேயே இருங்கள்.

ஒன்பதாம் படி: பராமரிப்பு

பறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே வழியில் விமானத்தைச் சுற்றிவந்து, ஒவ்வொரு முள்ளாணியையும் நட்டையும் கையால் தொட்டுப் பாருங்கள். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். பறந்த நேரத்தையும் செய்த வேலையையும் அன்றன்றே பேரேட்டில் எழுதுங்கள். பிஸ்டன் வளையங்களில் படியும் கரியைக் கையேடு சொல்லும் இடைவெளியில் நீக்க வேண்டும். எரிபொருள் குழாய்கள் மஞ்சளாகி விறைக்கும்முன் மாற்ற வேண்டும். பனிக்காலத்தில் பறக்காத வடமாநிலங்களில், நிறுத்திவைப்பதற்கு முன் தொட்டியையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டு, உருளைக்குள் காப்பு எண்ணெய் தெளித்து, எலி நுழையக்கூடிய காற்றுத் துளையையும் புகைக்குழாய் வாயையும் கண்ணில் படும்படி சிவப்புத் துணியால் அடைத்துவிடுங்கள். வசந்தத்தில் முதல்முறை இயக்கும் முன் அந்தத் துணிகளை எடுத்துவிட்டதைப் பேரேட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.